மூன்றாம் அடுப்பின் இடது மூலை

தார்த்து நகரத்தில் யாரும் எதையும் புகழ்வதில்லை.
"மோசமில்லை" என்று ஒருவர் சொல்லிவிட்டால்
அன்றைக்கு எங்களுக்குத் திருவிழா.
அப்படிப்பட்ட ஊரின் ரொட்டி ஆலையில்
குறை கேட்கும் மேசை என்னுடையது.
ஜன்னலில்லாத அறை. ஒரு தொலைபேசி.
பெரும்பாலும் அது தூங்கும்.

விற்பனைக்கூட வாசலில்
முகங்கள் வரைந்த பொத்தான் பெட்டி ஒன்று உண்டு.
பச்சை சிரிக்கும், சிவப்பு முறைக்கும்.
பள்ளி விட்ட பிள்ளைகள்
ஓடுகிற ஓட்டத்தில் பச்சையைக் குத்திவிட்டுப் போவார்கள்.
மாதக் கடைசியில் அது வரைபடமாகி
மேலாளர் மாரிகாவின் சுவரில் ஏறும்.
தொண்ணூற்று நான்கு சதவீதம்.
"பாருங்கள், ஊரே சிரிக்கிறது" என்பார்.
வெளியே போய்ப் பார்த்தேன்.
பிப்ரவரி. பனிச்சேறு.
ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்த மாதம்தான் முதல் பொட்டலம் வந்தது.
செய்தித்தாளில் சுற்றி, சணலால் கட்டி,
உள்ளே எங்கள் கறுப்பு ரொட்டியின் ஒரு முனை,
அது வந்த உறையோடு.
கடிதம் இல்லை.
அனுப்பியவர்: ஹெல்வே லெப்பசார்.
கத்தி போட்டுப் பார்த்தேன்.
நடுவில் களிமண் போல் ஒட்டியது.

மன்னிப்புக் கடிதமும் தள்ளுபடிச் சீட்டும் அனுப்பினேன்.
அடுத்த வெள்ளிக்கிழமை
சீட்டு திரும்பி வந்தது,
இன்னொரு வேகாத முனையோடு.

ஒன்பது வெள்ளிக்கிழமைகள்.
ஒன்பது உறைகளிலும் தேதி உண்டு, அடுப்பு எண் உண்டு.
எல்லாம் மூன்று.
இரவுப் பணிக் குறிப்பேட்டைத் தேடி
நிலவறைக்கு இறங்கினேன்.

கௌப்போவின் கையெழுத்து, செப்டம்பரில்:
"மூன்றாம் அடுப்பு. இடது மூலை சூடேறவில்லை. கவனிக்கவும்."
அக்டோபரில் "கவனிக்கவும்" இல்லை.
நவம்பரில் "மூன்று, இடது."
டிசம்பர் முழுக்க வெறும் "3".
ஜனவரி கடைசியிலிருந்து
அந்தக் கட்டம் காலி.
ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும்
"பார்த்தேன்" என்று மாரிகாவின் சுருக்கொப்பம்.

காலிக் கட்டத்தைத்தான் வெகுநேரம் படித்தேன்.
பிறகு ஆளையே கேட்டேன்.
எழுதிய நாள்வரை
அந்த மூலை ரொட்டிகளைக் கையால் எடுத்து
இடம் மாற்றி வைத்தாராம், இரவுக்கு நானூறு.
எழுதுவதை விட்டபோது
அதையும் விட்டாராம்.
கோபமாகக்கூடச் சொல்லவில்லை.
பேருந்து நேரம் சொல்வது போலச் சொன்னார்.

வரைபடத்துக்குக் கீழே, மாரிகாவின் மேசையில்
ஒன்பது முனைகளையும் அடுக்கினேன்.
சில பூசணம் பூத்திருந்தன.
"இந்தம்மாவுக்கு வேறு வேலையே இல்லையா?"
என்றுதான் முதலில் கேட்டார்.
குறிப்பேட்டைத் திறந்து வைத்தேன்.
புரட்டினார். புரட்டினார்.
தன் கையெழுத்தைத் தானே
யாரோ அந்நியருடையது போலப் பார்த்தார்.

அன்றிரவு இரண்டு மணிக்கு அடுப்படிக்குப் போனாராம்.
கௌப்போ ஒன்றும் பேசவில்லை.
இடது மூலையிலிருந்து ஒரு ரொட்டியை உருவி
அறுத்து, நீட்டினார்.
முழுத் துண்டையும் தின்றார் மாரிகா.
அது ஒன்றுதான்
அந்த ஆலையில் நான் கேள்விப்பட்ட மன்னிப்பு.

கோளாறு, கருகிப்போன ஒரு சூட்டுக்கம்பி.
என் ஒரு நாள் சம்பளம்கூட ஆகாது அதன் விலை.

அப்புறம் வெள்ளிக்கிழமைகள் வெறுமையாயின.
குறை தீர்ந்ததா, குறை சொன்னவரே போய்விட்டாரா,
வேறு ஆலை ரொட்டிக்கு மாறிவிட்டாரா?
மௌனத்தில் இதெல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கிறது.
தபால்காரரைப் பார்த்தால்
எழுந்து நிற்கத் தொடங்கினேன்.

மே மாதம் ஓர் அஞ்சலட்டை:
"வெந்திருக்கிறது. மோசமில்லை.
புது உறையைப் பிரிக்கக் கத்தரிக்கோல் தேட வேண்டியிருக்கிறது.
இது யார் யோசனை?"

அட்டையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.
மாரிகா அறையில் இல்லை.
மேசைமேல் குறிப்பேடு விரிந்து கிடந்தது.
நேற்றிரவின் கட்டத்தில், முழு வாக்கியமாக:
"இரண்டாம் அடுப்பின் கதவு முனகுகிறது."
அதன் கீழே, பச்சை மையில்,
"மேல் கீலா, கீழ்க் கீலா?"